குறுக்கே போட்ட பெல்ட்

ஆகஸ்ட் 4

எடை அறைக் கலெக்டர் அவர்களுக்கு, அக்கா எழுதுவது.

போன் அடித்து அடித்து என் விரல் தேய்ந்துவிட்டது. நீ எடுப்பதாகக் காணோம். பெரிய மனிதன் ஆனால் முதலில் காதுதான் போகும் என்பார்கள், உனக்குப் போய்விட்டது போல. சரி, நம் கம்பெனி விமானம் இருக்கும்போது எனக்கு எதற்குப் போன் என்று இதைக் கம்பெனிப் பையில் போட்டு அனுப்புகிறேன். நாளைக்கு உன் மேசைக்கு வந்துவிடும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள், உனக்கும் பொழுது போகும்.

இங்கே நிலவரம் இதுதான். உங்கள் விமானம் முந்தாநாள் ஓடுபாதை முடிகிற இடத்தைத் தாண்டிப் புல்லுக்குள் போய், இன்னும் வேலிக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உன் மாமாவும்தான் இத்தனை வருஷமாக லாரி ஓட்டுகிறார், ஒரு நாளும் புல்லுக்குள் விட்டதில்லை. பயணிகள் எல்லோரும் முழுசாக இறங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் செருப்பைக் காணோம் என்று அழுதார். உயிர் கையில் இருக்கிறது, செருப்புக்கு அழுகிறார். மனிதன் அப்படித்தான்.

அடி பட்டது உன் அக்கா மகளுக்குத்தான். பின்கதவைத் திறந்து எல்லோரையும் இறக்கிவிட்டு, கடைசியாக இவள் குதித்திருக்கிறாள். இடது மணிக்கட்டு உடைந்தது. அன்றைக்கே மறு விமானத்தில் உங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போன் போட்டால் "நல்லாத்தான் இருக்கேன்மா, வை" என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பணிப்பெண் வேலைக்குப் போனதிலிருந்து ஊரில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவள், அம்மாவிடம் மட்டும் சிக்கனம்.

நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சுத்தம் செய்துவிட்டு இறங்கி, குப்பைப் பையும் கையுமாக ஓரத்தில் நின்றிருந்தேன். வழக்கமாக அந்தத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது மூக்கைத் தூக்கிவிடும். அன்றைக்குத் தூக்கவே இல்லை. படுத்த மாட்டை வாலைப் பிடித்து முறுக்கினாலும் எழாதே, அப்படி. பிறகு பிரேக் சத்தம், புகை, டயர் வெடித்த சத்தம். என் கையிலிருந்த பை எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இங்கே ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பைலட் தப்பு என்கிறான் ஒருவன், டயர் தப்பு என்கிறான் இன்னொருவன். நான் வாயைத் திறக்கவில்லை. அது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று உனக்குத் தெரியும். ஆனால் பின் சீட்டுகளின் பெல்ட்டைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நீ போன மாதம் போனில் சொன்னாயே, அதுதானா இது? மறைக்காமல் பதில் போடு.

அக்கா

*

ஆகஸ்ட் 7

அக்காவுக்கு,

தயவு செய்து போனில் கூப்பிடாதே. விசாரணை முடியும்வரை அந்த விமானத்தில் இருந்தவர்களின் வீட்டாரோடு யாரும் பேசக்கூடாது என்று கண்ணாடிக்காரர் சொல்லியிருக்கிறார். புதிதாக வந்திருக்கும் நிர்வாகி, எல்லாவற்றையும் நிமிஷக் கணக்கில் பார்ப்பவர். என் அறையில் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் குரல் போனைத் தாண்டித் தெருமுனைவரை கேட்கும்.

ஆமாம், அதுதான் காரணம். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் விமானத்தில் பெட்டிகள் எல்லாம் முன்னால், பைலட்டுக்குப் பின்னாலுள்ள அறையில் ஏறும். அன்றைக்குப் பாதி சீட்டு காலி. ஆட்கள் முன்னும் பின்னுமாகக் கலந்து உட்கார்ந்திருந்தால் எடை சரியாக இருந்திருக்கும். ஆனால் அத்தனை பேரையும் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். முன்னால் பெட்டி, முன்னால் ஆள், வால் காலி. மூக்கு எப்படித் தூக்கும்?

நம்மிடம் சீட்டு எண் கிடையாது. பஸ் மாதிரி ஏறி, கிடைத்த இடத்தில் உட்காருவதுதான். அதனால்தான் எடைக் கணக்குப் போடுகிற நான் போன மாதம் ஒரு அடையாளம் வைத்தேன். எந்த வரிசையில் ஆள் உட்காரக் கூடாதோ அந்த வரிசையில் மட்டும் பெல்ட்டைக் குறுக்கே போட வேண்டும். நாங்கள் சொல்லாத நாளில் எதிலும் போடக்கூடாது. பணிப்பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பழக்கினோம். அவளும் பழகினாள். அன்றைக்கு உள்ளே ஏறிப் பார்த்தால் பின்பாதி முழுக்க பெல்ட் குறுக்கே கிடக்கிறது, முன்பாதியில் இல்லை. சொல்லிக் கொடுத்ததைத்தான் அவள் செய்தாள்.

ஆனால் அவள் விசாரணைக் குழுவில் அப்படிச் சொல்லவில்லை. "நான் பெல்ட்டப் பாக்கல. சீக்கிரம் ஏத்தணும்னு நானாத்தான் முன்னாடி உக்கார வெச்சேன்" என்று சொல்லிவிட்டாள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். கடைசி விசாரணை பதினேழாம் தேதி. அநேகமாக வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். அப்படி எடுக்கப்பட்டவளை வேறு எந்தக் கம்பெனியும் விமானத்தில் ஏற்றாது.

அக்கா, நீ வாயைத் திறந்துவிடாதே. உங்கள் ஊருக்கு விடுகிற விமானத்தில் லாபமே இல்லை. ஏதாவது ஒரு ஊரை வெட்ட வேண்டும் என்று கண்ணாடிக்காரர் காரணம் தேடுகிறார். அங்கே சுத்தம் செய்கிறவர்கள் விதியை மீறினார்கள் என்று தெரிந்தால் மறுநாளே பூட்டு. பன்னிரண்டு பேர் வீட்டில் அடுப்பு எரியாது. அவளுக்கு வயது இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும்.

இன்னொன்று. எல்லா ஊருக்கும் முறைப்படி உத்தரவு போயிற்று, எல்லோரும் அதன்படிதான் செய்கிறார்கள் என்று நான் குழுவிடம் சொல்லிவிட்டேன். இனி அதை மாற்ற முடியாது. நாம் போனில் பேசியதை மறந்துவிடு.

தம்பி

*

ஆகஸ்ட் 9

கலெக்டருக்கு,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் வைத்துப் படித்தேன். வீட்டில் தனியாக அழ அந்த ஒரு இடம்தான் இருக்கிறது, அதற்கும் தாழ்ப்பாள் சரியில்லை.

மறந்துவிடு என்கிறாய். எதை மறக்க? நான் போன் எடுத்தவுடன் நீ, "அக்கா, இனிமே பெல்ட்டக் குறுக்கே போடாத, நான் சொல்ற வரிசையில மட்டும் போடு" என்றாய். நான் என்ன சொன்னேன்? "போடா, உங்கக்கா மாதிரி அழகா எவ போடுவா? முதலாளியே பாத்து மெச்சுனது" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். "சொன்னாக் கேளுக்கா" என்றாய். "சரிங்க கலெக்டர்" என்று வைத்துவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன், கை தன்பாட்டில் குறுக்கே போட்டது. என்னோடு பெருக்குகிற வாயாடியிடமும் மற்ற இரண்டு பேரிடமும் நான் சொல்லவே இல்லை. நீ எப்போதும் ஏதாவது சட்டம் போடுகிறவன், இதுவும் அதில் ஒன்று என்று நினைத்தேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? முதலாளி பஸ் விட்டுக்கொண்டிருந்தவர். யாரோ ஓட்டி ஓய்ந்த ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்து வந்து இறக்கினார். ஊரே பறக்கும் பஸ் என்றது. டிக்கெட்டை பஸ் நிலையத்தில்தான் விற்றார்கள், அந்த ஜன்னலுக்குள் மீசை முளைத்தும் முளைக்காமலும் நீ உட்கார்ந்திருந்தாய். முதலாளி படிக்கட்டில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று கத்துவார். பஸ் புத்தி விமானத்தில் ஏறியும் இறங்கவில்லை. அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக உள்ளே போய்ப் பெருக்கினேன். பெல்ட்டெல்லாம் கயிறு அறுந்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் குறுக்கே போட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "யாரும்மா இது? ஏறவே மனசு வரலியே, இவ்ளோ அழகா இருக்கு!" என்றார். ஒருவர் மெச்சியது எத்தனை வருஷத்துக்குக் கையில் நிற்கிறது பார்.

அப்போதெல்லாம் விமானம் வந்தால் ஆற அமர நிற்கும். இப்போது நாலு விமானம், ஏழெட்டு ஊர், தரையில் நின்றால் நஷ்டம், வானத்தில் இருந்தால்தான் சம்பாத்தியம் என்று கண்ணாடிக்காரர் நேரத்தைப் பாதியாக வெட்டிவிட்டார். நாங்கள் பின்கதவு வழியாக ஏறிப் பின்னாலிருந்து முன்னால் பெருக்கிக்கொண்டு போவோம். அன்றைக்குப் பாதி தாண்டுவதற்குள், "எறங்குங்க, ஆள் ஏத்தப் போறோம்" என்று விரட்டினார்கள். மற்ற நாளில் எல்லா வரிசையும் ஒரே மாதிரி கிடக்கும், யாரும் அதை அடையாளம் என்று எடுக்கவில்லை; அன்றைக்குப் பின்பாதி மட்டும் கை கட்டி உட்கார்ந்தது, முன்பாதி தொங்கியது. அவ்வளவுதான். அந்தப் பாதிதான் இவள் வேலையைக் குடித்திருக்கிறது.

அது என் கையால் போட்ட பெல்ட் என்று, விமானம் புல்லில் நின்ற பிறகு இவளுக்குப் புரிந்திருக்கும். சின்ன வயதில் என் கூடவே வந்து, சீட்டில் ஏறி நின்று போட்டவள். கண்டுபிடித்துவிட்டுத்தான் "நான் பாக்கல" என்றிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள். அந்தப் பூசணிக்காய் நான்.

நான் பதினேழாம் தேதி வருகிறேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீயாக முந்திக்கொண்டால் நல்லது.

வாயாடியிடம் விஷயத்தைச் சொன்னேன். "உம் பொண்ணுக்காக எங்க நாலு பேர் வயித்துலயும் ஈரத் துணியப் போடுறியா?" என்றாள். "உன் வயித்துக்கு ஒரு துணி பத்தாதே" என்றேன். எப்போதும் சிரிப்பாள், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

நீ எதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்வாய். அதனால்தான் இன்றைக்கு இந்த நிலை. நான் சொன்னபோது ஒரு நிமிஷம் சிரிக்காமல் கேட்டிருந்தால், அந்த விமானம் புல்லுக்குள் போயிருக்காது. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மற்ற ஊர்களுக்கெல்லாம் மேனேஜர் மூலமாகச் சொல்லி, சொன்னபடி செய்கிறார்களா என்று ஆள் அனுப்பிப் பார்த்தேன். உங்கள் ஊருக்கு மட்டும் செய்யவில்லை. அக்காதானே, ஒரு போன் போதும் என்று விட்டுவிட்டேன். இதுதான் நான் செய்த தப்பு. இதைச் சொன்னால், குழுவிடம் பொய் சொன்னேன் என்று ஆகும். வருகிற மாதம் எடை அறைக்கு என்னைத் தலைவனாகப் போடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தவன் அங்கே வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று என்று உனக்குத் தெரியும். பஸ்காரன் கூட்டம் என்று எங்களைப் பார்த்துச் சிரிக்கிற படித்த பையன்கள் நாலு பேர் அந்த நாற்காலிக்காகக் காத்திருக்கிறார்கள்.

நேற்று கேன்டீனில் அவளைப் பார்த்தேன். பேசக்கூடாதுதான், பேசினேன். கைக்கட்டோடு ஒரு டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். வர்றேங்கறா."

"வர விடாதீங்க மாமா. அம்மா பேரு வரக்கூடாது. அங்க ஒண்ணு சொல்லி, எல்லாரையும் சிரிக்க வெச்சு, கடைசில அது தலையிலயே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுக்கும்."

"உன் வேலை?"

"நான் போனா ஒருத்தி. அம்மா போனா பன்னெண்டு பேரு. நீங்கதானே எடை பாக்குறவரு, எது கனம்னு நீங்களே சொல்லுங்க."

டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அவளே வேண்டாம் என்கிறாள். நீ எதற்கு வருகிறாய்? வராதே. நான் வேறு வழியில்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

*

ஆகஸ்ட் 15

என் அருமைத் தம்பிக்கு,

விமான நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் காரியத்தை இப்போதுதான் பார்த்தேன். சொந்தத் தம்பி அக்காவுக்குச் சீர் செய்வான் என்பார்கள். நீ செய்த சீர், கம்பெனி ஆட்களுக்குக் கொடுக்கிற இலவசச் சீட்டுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தது.

கவுண்டரில் இருக்கிற பெண் என்னை "பெரியம்மா" என்று கூப்பிடுகிறவள். முகத்தைப் பார்க்க முடியாமல், "மேலேர்ந்து நிறுத்திட்டாங்க பெரியம்மா, ஏத்த முடியாது" என்றாள். "காசு குடுத்து ஏறவா?" என்றேன். "இன்னைக்கும் நாளைக்கும் சீட்டே இல்ல" என்றாள். விமானத்தைத் துடைத்து அனுப்பினேன். துடைத்த சீட்டில் யார் யாரோ உட்கார்ந்து போனார்கள். நான் கையை அசைத்தேன். பைலட்டுக்குத்தான் அசைத்தேன், உனக்கு இல்லை.

வாயாடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "போகாதன்னு கடவுளே சொல்றாரு பாரு" என்றாள். "கடவுள் இல்லடி, என் தம்பி" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. "அவனா?" என்று எழுந்தாள். "பஸ் ராத்திரி எத்தன மணிக்கு, நான் கேட்டுட்டு வர்றேன். எங்க வயித்துல அடிக்கப் போறன்னு உம்மேல கோவந்தான். ஆனா கதவச் சாத்துறவன் மேல அதவிடக் கோவம்."

ஆக, பஸ்ஸில் வருகிறேன். உன் விமானம் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்து சேரும் ஊருக்கு, பஸ்ஸில் ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். என் முதுகு உனக்குச் சாபம் விட்டுக்கொண்டே வரும். நான் விடமாட்டேன். எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்.

அக்கா

*

ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். முதலாளி பார்த்து, விமானத்திலேயே அனுப்பிவைத்தார். நீ விசாரணை முடிந்ததும் எந்தக் கதவு வழியாகப் போனாய் என்று தெரியவில்லை. கண்ணால் தேடினேன். அதனால் எழுதுகிறேன்.

விசாரணை அறைக்கு வெளியே என்னைப் பார்த்தவுடன் இவள் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"உன்ன யாரும்மா வரச் சொன்னா?"

"பஸ்காரன்தான் சொன்னான். சீட்டு காலியா இருக்கு, ஏறுங்கன்னு."

"விளையாடாத. போயிடும்மா. நான் சொன்னது சொன்னதுதான்."

"நீ சொன்னது பொய். பொய் சொல்ல எங்கிட்ட அனுமதி கேட்டியா?"

அழுதாள். கட்டுப் போட்ட கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலித்திருக்கும்.

உள்ளே நீ சுவரோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன். நான்தான் போட்டேன், போடக்கூடாது என்று தெரிந்தே போட்டேன், மற்ற மூன்று பேருக்கும் சொல்லவில்லை, கம்பெனி பழக்கிக் கொடுத்தபடிதான் என் மகள் செய்தாள் என்றேன்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, பொண்ணக் காப்பாத்தணும்னு வந்திருக்கீங்க. உங்க மனசு புரியுது" என்றார்.

"ஐயா, பொண்ணக் காப்பாத்தப் பொய் சொல்றதா இருந்தா டயர் மேல பழியப் போட்டிருப்பேன். டயருக்கு வாய் கிடையாது. என் தலையில நானே எதுக்கு மண்ண அள்ளிப் போட்டுக்கறேன்?" என்றேன். முதலாளி சிரித்தார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை.

"போடக்கூடாதுன்னு தெரிஞ்சும் போட்டேங்கறீங்க. ஆனா எல்லா ஊருலயும் சொன்னபடிதான் நடக்குதுன்னு எடை அறை சொல்லியிருக்கு. நான் அவங்களை நம்பறதா, உங்களையா? உங்ககிட்ட யார் சொன்னது?"

தம்பி, அப்போது நான் உன்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லோரும் பார்ப்பார்கள். கீழே குனிந்து உன் காலை மட்டும் பார்த்தேன். ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. நின்றுவிடும், எழுந்துவிடுவாய் என்று காத்திருந்தேன். ஆடிக்கொண்டேதான் இருந்தது.

"மறந்துபோச்சு" என்றேன். அறை முழுக்க ஒரு பெருமூச்சு. "அவ்வளவுதாம்மா, நீங்க போகலாம்" என்றார்.

நான் ஏன் உன் பெயரைச் சொல்லவில்லை என்று வெளியில் வந்ததும் இவளும் கேட்டாள். பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. மகளுக்காகப் பொய் சொல்கிறவள் என்று என்னை ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்கள். அந்த வாயால் உன் பெயரும் வந்தால், தம்பியையும் இழுத்து விடுகிறாள் என்பார்கள். நீ இல்லை என்றால் தீர்ந்தது. என் வார்த்தை அந்த அறையில் செல்லாக்காசு. உன் வாயிலிருந்து வந்தால்தான் அது உண்மை, என் வாயிலிருந்து வந்தால் கோள்.

திங்கட்கிழமை முடிவு சொல்கிறார்களாம். அதுவரை இவள் வேலை உன் நாக்கில் இருக்கிறது. ஊரைப் பூட்டுவார்கள், வாயாடி என் முகத்தில் விழிக்க மாட்டாள், உன் நாற்காலி போகும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். செய்யாதவள் ஒருத்தி, செய்தேன் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாள். செய்த இரண்டு பேரில் ஒருத்தி வந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இந்தக் கடிதத்தில் கேலி குறைச்சலாக இருக்கும். பஸ்ஸில் கொட்டிவிட்டது போல.

அக்கா

*

ஆகஸ்ட் 22

அக்கா,

சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சார், அவங்ககிட்ட சொன்னது நான்தான்" என்றேன். "எவங்ககிட்ட?" என்றார். "எங்கக்காகிட்ட" என்றேன். பிறகு எல்லாம் வந்துவிட்டது. மற்ற ஊர்களுக்கு எப்படிச் சொன்னேன், உனக்கு எப்படிச் சொன்னேன், சரிபார்க்க ஆள் அனுப்பாதது, குழுவிடம் சொன்ன பொய், உன் பெயரை இலவசச் சீட்டிலிருந்து எடுத்தது. எதையும் விடவில்லை. நீ சிரித்ததை மட்டும் சொல்லவில்லை. நானும்தான் சிரித்தேன்.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"பயம் சார்" என்றேன்.

முதலாளி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் டிக்கெட் ஜன்னலில் தப்புச் செய்தால் தலையில் குட்டுவார், ஞாபகம் இருக்கிறதா? குட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவள் மேல் தப்பில்லை என்று முடிவு. கை சரியானதும் திரும்ப ஏறலாம். வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். "மாமா, வேர்த்து ஊத்துது, தொடச்சுக்கோங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எடை அறையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை. முதலாளி சொன்னதால் என்று கேள்வி. ஆனால் நான் பயந்தது நடந்துவிட்டது. உங்கள் ஊருக்கு இந்த மாதக் கடைசியோடு விமானம் கிடையாது. கண்ணாடிக்காரர் அன்று சாயங்காலமே கையெழுத்து வாங்கிவிட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதக் கை வரவில்லை. ஊரை மூடும்போது அலுவலகச் சாமான்களைக் கட்டி, ஆட்களுக்குக் கணக்கு முடித்து, சாவியை வாங்கி வர ஒருவர் போக வேண்டும். என்னைப் போகச் சொல்லியிருக்கிறார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் தண்டனைதான். முப்பதாம் தேதி வருகிறேன். கடைசி விமானத்தில் திரும்பிவிடலாம். அல்லது அங்கே ஒரு இரவு தங்கலாம்.

உன் வீட்டுக்கு வரலாமா?

தம்பி

*

ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

கடிதம் வந்தபோது கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடுத்தெருவில் நின்று படித்தேன். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து மணியடித்துக் கடைசியில், "அம்மா, லாட்டரி விழுந்திருக்கா?" என்றான். "ஆமாம்பா, பாதி விழுந்திருக்கு" என்றேன்.

இவள் நேற்று போன் போட்டாள். சின்ன வயதில் பேசுகிற மாதிரி மூச்சு விடாமல் பேசினாள். கட்டுப் பிரித்ததும் முதலில் எந்த ஊருக்குப் போடுவார்கள், கூட யார் வருவார்கள் என்று ஒரே கதை. எந்த ஊர் என்றாலும் இந்த ஊர் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனி அவளைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்தான். என் முதுகிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ வருவதை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மறைக்கிற வேலை இனி நம் வீட்டில் வேண்டாம். வாயாடி என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது. பெட்டி ஏற்றுகிறவர்கள் என்னைக் கண்டால் பீடியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நாம் இரண்டு பேர் சிரித்த சிரிப்புக்கு அவர்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது. துணிக்கடையில் பெருக்க இரண்டு ஆள் கேட்டார்கள். வாயாடியையும் இன்னொருத்தியையும் சொல்லிவிட்டிருக்கிறேன். நான் சொன்னேன் என்று தெரிந்தால் போகமாட்டாள், அதனால் கடைக்காரரே கேட்கிற மாதிரி ஏற்பாடு.

முப்பதாம் தேதி நீ படிக்கட்டில் இறங்கும்போது எல்லோரும் வாசலில் நிற்பார்கள். திட்டுவார்கள். வாயாடி ஆரம்பித்தால் உன் பிறப்பிலிருந்து ஆரம்பிப்பாள், நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடர்வாள். பைலைத் தூக்கி முகத்தை மறைக்காதே. மேனேஜர் அறைக்குள் போய் ஒளியாதே. நின்று கேள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அவரவர் கணக்கை முடித்துக் கொடு. நான் குறுக்கே வரமாட்டேன். என்னைத் திட்டியபோது குறுக்கே யாரும் வரவில்லை, ஒன்றும் ஆகிவிடவில்லை, உயிரோடுதான் இருக்கிறேன்.

அவர்கள் முடித்த பிறகு சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வா. அதற்கப்புறம் என் முறை. நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன், ஒரு இரவு பத்துமா தெரியவில்லை.

வழியில் எங்கேயும் சாப்பிட்டுவிட்டு வராதே.

அக்கா